கமம் படிக்கக் கம்பசுக்குப் போகவேணுமா?

முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை கேட்டிருக்கிறார். ஏஎல் (உயர்தரப் பரீட்சை) உயிரியல் பிரிவு. உயிரியலில் பி, இரசாயனவியலிலும் பௌதிகவியலிலும் சி. மருத்துவம் எட்டாது என்று அவருக்கே தெரியும். கிளிநொச்சி விவசாய பீடம் கிடைக்கக்கூடும், யாழ்ப்பாணத்தில் உயிரியல் விஞ்ஞானமும் கிடைக்கக்கூடும். வயல் செய்கிற அப்பா, "கமம் படிக்கக் கம்பசுக்குப் போகவேணுமா? நான் வரம்பிலயே சொல்லித் தருவன்" என்கிறாராம். கனடாவில் இருக்கிற மாமா ஐரி (தகவல் தொழில்நுட்பம்) படி என்கிறார். ரியூசன் ஆசிரியர் இன்னொருமுறை சோதனை எடு என்கிறார். "எந்தப் பட்டத்துக்கு வேலை இருக்கிறது?" என்று கேள்வி முடிகிறது.

எழுத்தில் இருக்கிற கேள்வி அதுதான். ஆனால் மூன்று பேர் மூன்று பக்கம் இழுக்கும்போது ஒரு பிள்ளையின் மனதில் ஓடுவது வேறு என்று நினைக்கிறேன். இப்போது பிழையாகத் தெரிவு செய்துவிட்டால் பிறகு திருத்த முடியுமா, அந்தப் பயம்தான். இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்தவன். 1990இல் கிளிநொச்சியில் தொடங்கிய பீடம் சண்டையால் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் இருந்த காலம் அது. பட்டம் முடித்துப் பத்து வருடமளவில் வன்னியில் தொண்டு நிறுவனங்களோடு அலைந்தேன். மீள்குடியேற்றத் திட்டங்களுக்கு வந்த காசு வற்றியதும் எல்லாரையும் போல எனக்கும் வேலை போனது. பிறகு தனியார் துறைக்கு வந்து, இப்போது ஆட்களை வேலைக்கு எடுக்கிற பொறுப்பில் இருக்கிறேன். நேர்முகத் தேர்வு மேசைக்கு அந்தப் பக்கத்தில் பல வருடம் இருந்து பார்த்ததைத்தான் இங்கே சொல்கிறேன். வைத்தியர்கள், சட்டத்தரணிகள் உலகம் எனக்கு வெளியிலிருந்து தெரிந்த உலகம். அதற்குள் நான் போகவில்லை.

முதலில் நிச்சயமான விஷயம். பட்டங்கள் எல்லாம் ஒரே சாதி இல்லை. சில பட்டங்கள் தொழிலுக்கான அனுமதிப் பத்திரம் மாதிரி. மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம், தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், சித்த மருத்துவம், பொறியியல், சட்டம் எல்லாம் அந்த வகை. அந்தத் தொழிலைச் செய்ய அந்தப் படிப்பு இருந்தே ஆகவேண்டும். பெரும்பாலானவற்றுக்கு அதற்குரிய சபையில் பதிவும் வேண்டும். மருந்தாளர் ஆக ஆசைப்பட்டவர் தாவரவியல் பட்டத்தை வைத்து மருந்தாளர் ஆக முடியாது. இந்த வகையில் தெரிவுதான் தொழிலைத் தீர்மானிக்கிறது, பிழைத்தால் திருத்துவதும் கஷ்டம்.

மற்றப் பட்டங்கள், அதாவது உயிரியல் விஞ்ஞானம், விவசாயம், முகாமைத்துவம், கலை, பெரும்பாலும் ஐரியும்கூட, அப்படி இல்லை. அவை கதவுக்கு முன்னால் வரிசையில் நிற்க இடம் தரும். வரிசையில் எத்தனையாவது ஆளாக நிற்கிறீர்கள் என்பதைப் பட்டத்தின் பெயர் சொல்லாது. இலங்கை நிர்வாக சேவையின் திறந்த போட்டிப் பரீட்சைக்கு அங்கீகரிக்கப்பட்ட எந்தப் பட்டம் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். பிரதேச செயலகத்தில் மேலே இருக்கிறவர்களிடம் என்ன படித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் விலங்கியல் என்பார், இன்னொருவர் புவியியல் என்பார். ஆகவே "எந்தப் பட்டத்துக்கு வேலை இருக்கிறது" என்ற கேள்வி முதல் வகைக்குத்தான் சரியாகப் பொருந்தும். இரண்டாம் வகைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டால் கேட்டவரின் வயதையும் ஊரையும் பொறுத்து ஆளுக்கொரு பதில் வரும். உங்களுக்கு வந்திருக்கிற மூன்று பதிலும் அப்படி வந்தவைதான்.

அப்பாவின் கேள்வியை எடுப்போம், எனக்குப் பிடித்த கேள்வி. என் அப்பாவும் இதே கேள்வியைக் கேட்டார். வரம்பில் அவர் கற்றுத்தருவது சின்ன விஷயம் இல்லை. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் கட்டவேண்டும், கதிர் வெளிவருகிற நேரத்தில் மழை வருமா என்று அவருக்குத் தெரிந்த அளவு எந்தப் பட்டதாரிக்கும் முதல் பத்து வருடத்தில் தெரியாது. ஆனால் 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்களே, அதை நினைத்துப் பாருங்கள். விளைச்சல் விழும் என்று அப்பாமார் எல்லாரும் சொன்னார்கள். யாரும் காதில் போடவில்லை. யூரியாவில் 46 சதவீதம் நைதரசன் இருக்கிறது, கூட்டெருவில் ஒன்று இரண்டு சதவீதம்தான், அந்த இடைவெளியை நிரப்ப ஏக்கருக்கு எத்தனை தொன் எரு வேண்டும், அதை எங்கே செய்து எப்படி ஏற்றி இறக்குவது என்று கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் விவசாய விஞ்ஞானிகள். அவர்களையும் உடனே கேட்கவில்லை என்பது வேறு கதை. நவம்பரில் தடையை எடுத்தார்கள். அப்பாவுக்குத் தெரிந்ததை இலக்கத்தில் எழுதி இன்னொருவரிடம் வாதாடப் பழகுவதுதான் அந்த நாலு வருடப் பட்டப்படிப்பு. சேனா படைப்புழு 2018இல் சோளத்துக்குள் வந்தபோது வரம்பில் யாருக்கும் அதைத் தெரியாது, ஏனென்றால் அது இந்த நாட்டுக்கே புதுப் பூச்சி. புதிதாக ஒன்று வரும்போதுதான் படித்தவன் தேவைப்படுகிறான். அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கோபப்படமாட்டார்.

விவசாயப் பட்டத்தோடு எங்கே போகலாம் என்றால், விவசாயத் திணைக்களம், விதை மற்றும் கிருமிநாசினி நிறுவனங்கள், வங்கிகளின் விவசாயக் கடன் பிரிவு, தொண்டு நிறுவனங்கள், ஏற்றுமதிக்குப் பயிர் செய்விக்கிற நிறுவனங்கள், ஆராய்ச்சி, ஆசிரியத் தொழில். வங்கி என்று சொன்னால் பிள்ளைகள் ஆச்சரியப்படுகிறார்கள். இரணைமடுக் குளத்தில் இந்த முறை சிறுபோகத்துக்கு எவ்வளவு ஏக்கருக்குத் தண்ணீர் விடுவார்கள் என்று தெரியாதவர் கிளிநொச்சியில் நெல்லுக்குக் கடன் கொடுக்க முடியாது. அதை வங்கிக்காரர் நன்றாக உணர்ந்திருக்கிறார்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். கிராமத்துக்கு வருகிற விவசாயப் போதனாசிரியர் வேலையை மனதில் வைத்துத்தான் இந்தப் பட்டத்தை எடுக்கிறீர்கள் என்றால், அதற்கு வழக்கமான பாதை வவுனியாவில் இருப்பது போன்ற விவசாயக் கல்லூரிகளின் இரண்டு வருட டிப்ளோமா. நாலு வருடம் படித்துவிட்டு, டிப்ளோமா முடித்தவர் தனக்கு முன்னால் போய்விட்டார் என்று குறைப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

உயிரியல் விஞ்ஞானம் வேறு மாதிரி. மூன்று வருடத்தில் பொதுப் பட்டத்தோடு வரலாம், திறமையாகச் செய்தால் நாலு வருடச் சிறப்புப் பட்டம். உள்ளூரில் இதற்கு மிகத் தெளிவான வழி ஆசிரியத் தொழில்தான். வன்னிப் பாடசாலைகளில் விஞ்ஞான, கணித, ஆங்கில ஆசிரியர் தட்டுப்பாடு இன்று நேற்று வந்ததில்லை. நீங்கள் படித்த பாடசாலையிலேயே ஏதோ ஒரு பாடத்துக்கு ஒரு தவணை முழுக்க ஆள் இல்லாமல் இருந்திருக்கும். மேற்படிப்புக்கு வெளிநாடு போகிற ஆசை உள்ளவருக்கும் இது நல்ல அத்திவாரம். இரண்டும் வேண்டாம், உடனே வேலை வேண்டும் என்பவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

மாமாவின் ஐரி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவர் பிழையாகச் சொல்லவில்லை, தான் பார்த்ததைச் சொல்கிறார். ஆனால் ஒவ்வொரு ஐரிப் பட்டத்துக்கும் கேட்கிற ஏஎல் பாடங்கள் வேறு. உங்கள் மூன்று பாடத்துக்கும் எது திறந்திருக்கிறது என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் பார்க்காமல் இதைப் பற்றி யோசிப்பதே வீண். உள்வாரியாகக் கிடைக்காவிட்டாலும் கொழும்புப் பல்கலைக்கழகம் நடத்துகிற பிஐரி (ஐரி இளமாணி) வெளிவாரிப் பட்டம் இருக்கிறது. கணினியில் உண்மையிலேயே கை அரிக்கிறதா, வீட்டில் யாரும் சொல்லாமலே இரவு இருந்து ஏதாவது செய்து பார்த்திருக்கிறீர்களா என்று உங்களையே கேளுங்கள். இந்தத் துறை நாலு வருடத்தில் எப்படி இருக்கும் என்று இன்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். புதிதாக வருகிறவர்கள் செய்த சின்னச் சின்ன வேலைகளை இப்போது இயந்திரமே செய்யத் தொடங்கியிருக்கிறது.

அரச உத்தியோகமும் அதேபோல் சந்தேகத்துக்குரியதுதான். எங்கள் ஊரில் பட்டம் என்றாலே கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) ஒரு கதிரை என்று அர்த்தம். 2017இல் வடக்கில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக் கணக்கில் வீதியோரம் பந்தல் போட்டு இருந்ததை நீங்கள் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். பிறகு 2020இல் அரசாங்கம் பல்லாயிரம் பேரை ஒரேயடியாகப் பயிலுநராக எடுத்தது. அவர்களில் பலர் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆனார்கள். பிரதேச செயலகத்தில் ஒரு மேசைக்கு மூன்று பேர் இருந்ததையும் பார்த்தோம். 2022 நெருக்கடியோடு கதை மாறியது. ஏற்கெனவே உள்ள உத்தியோகத்தர்களையே சம்பளமில்லாத விடுமுறையில் வெளிநாட்டுக்குப் போங்கள் என்று சுற்றறிக்கை விட்டார்கள். இது அலை மாதிரி, ஏறும் இறங்கும். நீங்கள் பட்டம் முடித்து வெளியே வரும்போது ஏறியிருக்குமா இறங்கியிருக்குமா என்பதை வைத்து இன்று பட்டம் தெரிவு செய்யக்கூடாது. வந்தால் எடுங்கள், அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் இரண்டாம் வகைப் பட்டத்தில் எது தீர்மானிக்கிறது? ஒரு சம்பவம் சொல்கிறேன். கள உத்தியோகத்தர் பதவிக்கு இரண்டு இடம், மேசையில் ஒரு கட்டு விண்ணப்பம். விவசாயத்தில் முதலாம் வகுப்போடு ஒரு தம்பி வந்தார். புத்தகத்தில் கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னார். உங்கள் ஊரில் ஏக்கருக்கு எத்தனை மூட்டை விழும் என்று கேட்டேன். முழித்தார். அவருக்குப் பிறகு மல்லாவிப் பக்கத்துப் பிள்ளை ஒருவர், கலைப் பட்டதாரி, பாடம் புவியியல். கடைசி வருட ஆய்வுக்காகத் தன் பிரதேசத்தில் தூர்ந்துபோன சின்னக் குளங்களை ஒவ்வொன்றாக நடந்து பார்த்து வரைபடம் கீறியிருந்தார். எந்தக் குளத்தின் கட்டு எங்கே உடைந்திருக்கிறது, அதன் கீழே எத்தனை குடும்பம் வயல் செய்தது என்று சொல்லிக்கொண்டே போனார். வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்ததால் சிங்களமும் வந்தது. அவரை எடுத்தோம். முதலாம் வகுப்புத் தம்பிக்கு நாங்கள் செய்தது அநியாயமா என்று இப்போதும் சிலவேளை யோசிப்பேன். ஆனால் வேலைக்கு ஆள் எடுக்கிறவன் அந்த நிமிடத்தில் யோசிப்பது, திங்கட்கிழமை காலையில் இந்த ஆளை எந்த ஊருக்கு அனுப்பலாம் என்பதைத்தான்.

மொழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பிள்ளைகள் அடிபடுகிற இடம் அது. விவசாயமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்தில்தான் படிப்பிக்கிறார்கள். தமிழில் ஏஎல் எடுத்த பிள்ளைக்கு முதல் வருடம் குருடன் சந்தைக்குப் போன மாதிரி இருக்கும். பாடம் விளங்காததும் மொழி விளங்காததும் ஒன்றாகக் குழம்பி, "எனக்கு மூளை காணாது" என்று நினைத்துக்கொள்கிறார்கள். மூளை காணும். ஏஎல் எழுதியதிலிருந்து கம்பஸ் தொடங்கும் வரை எங்கள் நாட்டில் நீண்ட இடைவெளி வருகிறது, ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். அந்த இடைவெளியை வீட்டில் தொலைபேசியோடு கழிப்பவரும் ஆங்கிலத்தோடு கழிப்பவரும் ஒரே நாளில் ஒரே வகுப்பில் வந்து இருப்பார்கள். ஆனால் ஒரே இடத்தில் தொடங்கமாட்டார்கள். என் கணக்கில் சிங்களமும் அவ்வளவு முக்கியம். திணைக்களத் தலைமையகம், கம்பனித் தலைமையகம் எல்லாம் தெற்கில். தொலைபேசியில் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கத் தெரிந்தவர் வன்னிக் கிளையில் விரைவில் பொறுப்புக்கு வருகிறார்.

இதனால்தான், கிடைக்குமென்றால் கொஞ்சம் தூரப் போங்கள் என்று சொல்கிறேன். விவசாய பீடம் கிளிநொச்சியில் மட்டும் இல்லை. பேராதனை, றுகுணு, ரஜரட்ட, கிழக்கு என்று வேறு இடங்களிலும் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனி யுனிகோட் (எந்தப் பட்டம், எந்தப் பல்கலைக்கழகம் என்று விண்ணப்பத்தில் காட்டுகிற குறியீடு). கிளிநொச்சிப் பீடம் இருக்கிற அறிவியல் நகர் வீட்டுக்குக் கிட்ட, பரந்தன் வீதியால் பஸ்ஸில் போய்விடலாம், செலவு குறைவு. வீட்டில் கஷ்டம் என்றால் அதுவே சரியான தெரிவு, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் பேராதனையில் நாலு வருடம் இருந்த பிள்ளைக்குச் சிங்களம் காசு கொடுக்காமல் வருகிறது, நாட்டின் எல்லா மூலையிலும் ஒரு நண்பர் இருப்பார். நீங்கள் மகளா மகனா என்று எழுதவில்லை. மகள் என்றால் வீட்டில் தூரம் பற்றிய பேச்சு இன்னும் நீளமாக இருக்கும். அப்பா ஒருமுறை விடுதியை நேரில் வந்து பார்த்துவிட்டால் பாதிப் பேச்சு அதோடு அடங்கிவிடும், பல வீடுகளில் கண்டது.

இனி ரியூசன் ஆசிரியர் சொன்னது. மூன்று தடவை வரை எடுக்கலாம் என்பது சட்டம், எடுக்கவேண்டும் என்பது சட்டம் இல்லை. உங்கள் விடைத்தாள் என்ன ஆனது என்று நீங்கள் நேர்மையாக யோசித்துப் பாருங்கள். சோதனைக் காலத்தில் காய்ச்சல், வீட்டில் ஒரு இழப்பு, கடைசி அலகுகளைப் படிப்பிக்க ஆசிரியர் இல்லை, இப்படி ஒரு காரணத்தைக் கையால் தொட்டுக் காட்ட முடிந்தால் இரண்டாம் தடவை எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. அப்படி ஒன்றும் இல்லை, இன்னும் கஷ்டப்பட்டுப் படிப்பேன் என்பது மட்டும்தான் காரணம் என்றால், இரண்டு சியும் இரண்டு ஏ ஆவதை நான் அரிதாகத்தான் கண்டிருக்கிறேன். எப்படியானாலும் இந்தப் பெறுபேற்றோடு விண்ணப்பிக்காமல் விடவேண்டாம். ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தில் பதிவு செய்துவிட்டால் பிறகு மறுபடி தெரிவாவதற்குக் கட்டுப்பாடு உண்டு. பதிவுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கைநூலில் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசியுங்கள்.

பியையும் சியையும் பார்த்து எது கிடைக்கும் எது கிடைக்காது என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். பல்கலைக்கழகத்துக்கு எடுப்பது இசட் புள்ளியை வைத்து, அது அப்படி வேலை செய்யாது. ஒவ்வொரு பாடத்திலும் நாடு முழுக்க எழுதியவர்களின் சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு தூரம் என்பதைப் பார்த்து, மூன்று பாடத்துக்கும் சராசரி எடுக்கிறார்கள். ஒரே சி எடுத்த இரண்டு பேருக்கு வேறு வேறு புள்ளி வரும். அதற்கு மேல் மாவட்டக் கணக்கு. கலைப் பிரிவு தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் 40 சதவீதம் நாடளாவிய திறமை, 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி, மிச்சம் 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவு அந்தப் பின்தங்கிய பட்டியலிலும் இருக்கிறது. யாழ்ப்பாணத்து நண்பருக்குக் கிடைக்காத ஒன்று அதே புள்ளியில் உங்களுக்குக் கிடைக்கலாம். கோட்டாவில் வந்தவர் என்று யாராவது பின்னர் குத்திக் காட்டினால் முதல் வருடப் பெறுபேற்றில் பதில் சொல்லலாம்.

விண்ணப்பத்தில் பட்டங்களின் விருப்ப ஒழுங்கு எழுதும்போது பிள்ளைகள் விடுகிற பெரிய பிழை, "கிடைக்காததை மேலே போட்டால் கிடைப்பதும் போய்விடும்" என்று பயப்படுவது. போகாது. உங்கள் பட்டியலில் மேலிருந்து பார்த்துக்கொண்டு வந்து புள்ளி பொருந்துகிற முதல் இடத்தைத் தருவார்கள். ஆகவே உண்மையான ஆசையின் ஒழுங்கிலேயே எழுதுங்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூடம் போன்ற அனுமதிப் பத்திரப் பட்டங்களில் எனக்கு மனம் ஒத்துப்போகிறதை மேலே போடுவேன். அரச வைத்தியசாலை நியமனம் முடித்த அன்றே வரும் என்று எதிர்பார்க்க முடியாதுதான். ஆனால் அந்தத் தொழிலை இன்னொரு பட்டக்காரர் வந்து செய்ய முடியாது. இரத்தத்தைக் கண்டால் தலை சுற்றும் என்றால் தாதியியலை விட்டுவிடுங்கள். சித்த மருத்துவம் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் இருக்கிறது, அதில் உண்மையான விருப்பம் இருந்தால் மட்டும் போடுங்கள். அதற்குக் கீழே பேராதனை விவசாயம், பிறகு கிளிநொச்சி விவசாயம், பிறகு உயிரியல் விஞ்ஞானம். ஆசிரியராக வரத்தான் ஆசை என்றால் கடைசி இரண்டையும் இடம் மாற்றுங்கள். வீட்டில் நாலு வருடம் தாங்காது என்ற நிலை இருந்தால் வவுனியாவில் உள்ள தேசிய கல்வியியற் கல்லூரிக்கும் விண்ணப்பம் போட்டு வையுங்கள், அது ஏஎல் பெறுபேற்றிலேயே எடுத்து ஆசிரியராக்குகிற வழி.

திருத்த முடியுமா என்ற பயத்துக்கு என்னையே சாட்சி சொல்கிறேன். விவசாயம் படித்தேன், மீள்குடியேற்றத்தில் வீட்டுத் திட்டம் பார்த்தேன், இப்போது ஆட்களை வேலைக்கு எடுக்கிறேன். இந்த மூன்றாவதை எந்தப் பீடத்திலும் படிக்கவில்லை. முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு தூரக் கல்வியில் ஒரு டிப்ளோமா செய்தேன், வார இறுதியில் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய் வந்து. களைப்பாகத்தான் இருந்தது, ஆனால் முடிந்தது. அனுமதிப் பத்திரப் பட்டங்களை விட்டால் மற்ற எல்லாவற்றிலும் பாதை மாற்ற இடம் இருக்கிறது, மாற்றுவதற்குக் காலமும் காசும் போகும்.

விண்ணப்பத்தை இணையத்தில் அனுப்புவதற்கு முதல் நாள் யுனிகோட் ஒவ்வொன்றையும் ஒருவர் கைநூலைப் பார்த்து வாசிக்க, இன்னொருவர் திரையில் சரிபாருங்கள். வாசிப்பதற்கு அப்பாவையே இருத்துங்கள். ஒவ்வொரு பட்டத்தின் பெயரையும் வாய்விட்டு வாசிக்கும்போது, அது என்ன, இது என்ன என்று அவரே கேட்கத் தொடங்குவார். அந்த இரவு அவருக்குப் பதில் சொல்ல உங்களுக்கு நேரம் இருக்கட்டும். கடைசி நாள் வரை வைத்திருக்கவேண்டாம், அன்றைக்கு இணையம் இழுக்கும்.